தைலம்மை அக்காவின் வெள்ளிக்கிழமை முகம்

1. மாடியறை

அன்று மலாக்கா பக்கம் ஜாசின் கடைவீதியில், ரெங்கசாமி முதலாளியின் மளிகைக் கடை மாடியறையில் இருந்தவர்கள் நான்கு பேர். படத்துக்கு உட்கார வேண்டியவர் முதலாளியின் மனைவி தைலம்மை அக்கா. அவருக்குக் காவலாக நாத்தனார் பொன்னுத்தாயி அக்கா, வெற்றிலைப் பெட்டியோடு பாயில் இருந்தார். கீழே வியாபாரம் கூப்பிடும்போதெல்லாம் இறங்குவதும் ஏறுவதுமாக ரெங்கசாமி முதலாளி. நான்காவது ஆள் நான். கையில் பிரஷ், நெற்றியில் வேர்வை.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மலாக்காவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த என் முதலாளி அருளப்பன். "உசுரோட இருக்கற ஆள நேர்ல பாத்து ஆயில் பெயிண்ட்ல எழுதறது எனக்குத் தெரியாத தொழில்டா வேலு. நான் வந்து நின்னேன்னா, எனக்குத் தெரியாதுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சு போவும்" என்று பஸ் காசைக் கொடுத்து என்னை மட்டும் அனுப்பிவிட்டார்.

மற்றவர் என் அப்பா. ஜாசினுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் சைக்கிளில் வந்திருக்கலாம். ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பந்தயப் பேச்சு நின்றுகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தேன். படிப்பு முடிந்ததும் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவேன் என்று தோட்டத்து லயன் வீடுகளில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நானோ ஸ்டூடியோவில் போட்டோக்களுக்குக் கலர் போடச் சேர்ந்துவிட்டேன். இந்த நேரத்தில்தான் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை ஒன்று காலியானது. தைப்பூசம் கழிந்த மறுநாள் ஆள் எடுப்பதாகப் பெரிய கிராணி அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா நேராக ஸ்டூடியோவுக்கே வந்து நின்றார்.

"தைப்பூசத்துக்குள்ள ஒரு படம். நீயா எழுதின ஒரே ஒரு படம். அத ஒரு ஆளு காசு குடுத்து வாங்கி அவன் சுவத்துல மாட்டணும். மாட்டிட்டான்னா நீ ஒன் இஷ்டப்படி இரு. இல்லன்னா வெள்ளைக் கோட்டு தைக்கக் குடுத்திருக்கேன், அதப் போட்டுக்கிட்டு எங்கூட ஆபீசுக்கு வந்துரணும். சரியா?"

"சரிப்பா" என்றேன். அந்த ஒரு படத்தைத்தான் அன்று ஜாசின் மாடியறையில் தொடங்கினேன்.

"நான் என்னா செய்யணும் தம்பி?" என்று கேட்டார் தைலம்மை அக்கா.

"சும்மா உக்காந்திருந்தா போதும் முதலாளியம்மா."

"சும்மாவா? எனக்குக் கல்யாணம் ஆன நாளா சும்மா உக்காந்ததில்ல லா. அது எப்படின்னு நீதான் சொல்லிக் குடுக்கணும்."

பாயிலிருந்து பொன்னுத்தாயி அக்கா சொன்னார்: "தம்பி, எங்க அண்ணி வாயி ஒரு நிமிஷம் நிக்காது. அத மட்டும் கடைசியா எழுதிக்கோ."

2. துரைசானியின் பெட்டி

இளைய நண்பர்கள் படிப்பதால் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஸ்டூடியோவில் அதிகம் வந்த வேலை என்லார்ஜ்மென்ட். சின்னப் போட்டோவைப் பெரிதாக்கி, அதன் மேல் நீர்க்கலர் பூசிக் கொடுப்போம். பெரும்பாலும் இறந்துபோனவர்களின் படங்கள். கன்னத்துக்கு இலேசாக ரோஸ், புடவைக்குப் பச்சை, பின்னால் நீலம். முகம் ஏற்கெனவே போட்டோவில் இருக்கிறது. நான் அதற்கு மேல் கையை வைத்தால் போதும். வீட்டுக்காரர்கள் வாங்கிப் போய் மாலை போட்டுச் சுவரில் மாட்டுவார்கள்.

ரப்பர் விலை விழுந்த காலத்தில் ஒரு துரை சீமைக்குத் திரும்பினார். அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அருளப்பன் ஒரு மேஜை விளக்கை ஏலத்தில் எடுக்க, அதோடு ஒரு மரப்பெட்டியையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். திறந்தால் ஆயில் பெயிண்ட் டியூப்கள், பன்றிமயிர் பிரஷ்கள், கட்டைவிரல் நுழைய ஓட்டை போட்ட பாலட் பலகை, ஒரு இங்கிலீஷ் புஸ்தகம். துரைசானி பொழுதுபோக்குக்கு வைத்திருந்தவை. சில டியூப்களை அவர் திறக்கவே இல்லை.

ஸ்டூடியோவில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். புஸ்தகம் எனக்கு வந்தது; அதனால் பெட்டியும் வந்தது. ராத்திரி பகலாகப் படித்தேன். உயிருள்ள ஆளை எதிரில் உட்கார வைத்து எப்படி எழுதுவது என்று அத்தியாயம் அத்தியாயமாக இருந்தது. தோல் நிறம் கலப்பதற்குக் கணக்கும் இருந்தது. வெள்ளை இவ்வளவு, ஓக்கர் மஞ்சள் இவ்வளவு, வெர்மிலியன் சிவப்பு ஒரு துளி.

அதன்படியே கலந்து முதலில் அருளப்பனை எழுதினேன். அவர் நல்ல மாநிறம். படத்தில் வந்தவரோ வெயிலில் நடந்து களைத்த ஒரு வெள்ளைக்காரர். மீசை மட்டும் அருளப்பனுடையது.

நான் கித்தானைச் சுரண்டப் போனேன். அருளப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், அழிக்காதடா! நல்லாத்தான் இருக்கு. என் மாமியார் வூட்டுக்கு அனுப்பணும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது: புஸ்தகத்தின் கணக்கு, புஸ்தகம் எழுதியவர் பார்த்த முகங்களுக்கு. நம் முகத்துக்குக் கணக்கை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்றிலிருந்து கண்ணாடியில் என்னையே பார்த்து எழுதினேன். செங்காவியில் நீலத்தைக் கலந்தால் நம் நெற்றியின் பழுப்பு வந்தது. ஜன்னலோரம் திரும்பினால் அதே நெற்றியின் மேட்டில் வானத்து நீலம் ஒட்டிக்கொண்டு நின்றது. காதுமடலில் சிவப்பு, தாடைக்கடியில் பச்சை. கறுப்பு டியூபைத் தொடவே தேவையில்லை. இதைக் கண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் பாதியைக்கூட என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. எங்கள் தெருவில் போன ஒவ்வொரு ரிக்‌ஷாக்காரர் முகத்திலும் எத்தனை நிறம் என்று எண்ணிக்கொண்டே பின்னால் நடந்து, இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

தைலம்மை அக்கா எங்களிடம் வந்தது இந்தச் சமயத்தில்தான். அதற்கு முன்பே அவரை அருளப்பன் மூன்று தடவை போட்டோ பிடித்திருந்தார். மூன்று தடவையும் பிளேட்டில் முகம் கறுத்து விழுந்தது. மூன்றாவது பிரிண்ட்டை மேஜையில் வைத்துவிட்டு அவர் இடுப்பில் கை வைத்து நின்றதை இப்போதும் பார்க்கிறேன்.

"மூணு வாட்டி புடிச்சிங்க. மூணு வாட்டியும் கரிச்சட்டி. நான் கறுப்புத்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா இம்புட்டா?"

"முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் போட்டா…" என்று இழுத்தார் அருளப்பன்.

"மாவுல பொரட்டி எடுக்க நான் என்னா பணியாரமா?"

ரெங்கசாமி முதலாளி சுவரில் காய்ந்துகொண்டிருந்த 'வெள்ளைக்கார' அருளப்பனைப் பார்த்தார். பிறகு நான் எழுதியிருந்த என் முகத்தைப் பார்த்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தம்பி எழுதட்டும்" என்றார். கூலி இருபத்தைந்து வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், என்று பேச்சாயிற்று.

3. திங்களும் வெள்ளியும்

சிட்டிங் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் என்று வைத்துக்கொண்டோம். திங்கள் வியாபாரம் மந்தம். வெள்ளி நடுப்பகலில் மலாய்க்காரர்கள் மசூதிக்குப் போய்விடுவதால் கடைவீதியே ஓய்ந்திருக்கும். அதே ஜன்னல், அதே நேரம், அதே நாற்காலி. வெளிச்சம் மாறக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

முதல் திங்களில் முகத்தின் பழுப்பைப் பிடித்துவிட்டேன். அகன்ற நெற்றி, மூக்குத்தியின் கீழே ஒரு சின்ன நிழல், எப்போதும் சிரிக்கத் தயாராக இருக்கும் கன்னம். துள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை போய்ப் படத்தைப் பக்கத்தில் நிறுத்தினால், நிறம் ஒத்துவரவில்லை. படத்தில் முகம் மங்கிக் கிடந்தது. நாற்காலியில் இருந்த முகமோ பளிச்சென்று இருந்தது. திங்களன்று தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்து, ஓக்கரைக் கூட்டி முழு முகத்தையும் மாற்றினேன்.

அடுத்த திங்கள் வந்தால் படத்து முகத்துக்குக் காமாலை. நாற்காலியில் அக்கா முதல் திங்கள்போலவே பழுப்பாக உட்கார்ந்திருந்தார்.

புஸ்தகத்தைப் புரட்டினேன். ஆளி விதை எண்ணெய் நாளாக ஆக மஞ்சளிக்கும் என்று ஒரு வரி இருந்தது. அதுதான், எண்ணெயின் வேலை என்று முடிவு கட்டினேன். முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பழுப்பு. வெள்ளிக்கிழமை மறுபடி ஒத்துவரவில்லை. எண்ணெயை மாற்றினேன். ஜன்னலுக்கு எதிர்க் கடையின் படுதா மஞ்சளாக இருந்ததால் அதைச் சுருட்டி வைக்கச் சொல்லி எதிர்க்கடைச் சீனரிடம் கெஞ்சினேன். அவர் சுருட்டினார். ஒன்றும் மாறவில்லை.

நான் முகத்தைச் சுரண்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பொன்னுத்தாயி அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னா தம்பி இது, வாராவாரம் எங்க அண்ணியத் தோலை உரிக்கிற? கோழிக்கடையில வேலை பாத்தியா முன்னாடி?"

"சும்மா இரு பொன்னு. தம்பி மொகம் வாடிப்போச்சு பாரு. சாப்பிட்டியா தம்பி?"

சாப்பிட்டதாகப் பொய் சொன்னேன். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா தையல்கடையிலிருந்து கோட்டை வாங்கிவிட்டார் என்று தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பொத்தான் நாலும் யானைத் தந்தம்போல இருக்கிறதாம். அந்தப் பொத்தான்கள் என் கனவில் வந்தன.

4. முதலாளியின் துண்டு

அது ஒரு வெள்ளிக்கிழமை. மழை பெய்து நின்றிருந்ததால் மாடியறையில் புழுக்கம் தாங்கவில்லை. அன்று முகத்தைத் தொடப் பயந்து, புடவையின் நீலத்தையும் கரையையும் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்பாடா, வேவுது லா" என்ற அக்கா, மேலே ஏறி வந்த கணவரின் தோளிலிருந்து வெள்ளைத் துண்டை உருவி முகத்தை அழுந்தத் துடைத்தார்.

ரெங்கசாமி முதலாளி துண்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "தம்பி, ஒன் பெயிண்டு என் துண்டுல ஒட்டிருச்சு. போவுமா இது?"

துண்டில் மஞ்சள். நான் என் கையைப் பார்த்தேன். நீலம். பாலட் பலகையைப் பார்த்தேன். நீலம், வெள்ளை, கொஞ்சம் சிவப்பு. அன்று நான் மஞ்சள் டியூபைத் திறக்கவே இல்லை.

தலையைத் தூக்கினேன். துடைத்த இடத்தில், நெற்றியின் ஒரு பாதியில், என் திங்கட்கிழமைப் பழுப்பு இருந்தது. துடைக்காத பாதி வெள்ளிக்கிழமை.

"அக்கா…" என்றேன். அதுவரை முதலாளியம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா, மஞ்சளா?"

"எது?"

"மொகத்துல. மஞ்சள் பூசியிருக்கீங்களா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பொன்னுத்தாயி அக்காதான் முதலில் பேசினார்.

"வெள்ளிக்கெழம தலை முழுகிட்டு மஞ்சப் பூசாம வேற என்னாத்தப் பூசுவாங்க, சுண்ணாம்பா? ஏன் தம்பி, ஒங்க ஊட்டுல பொம்பளைங்களே கெடையாதா?"

"எங்கம்மா பூசுவாங்க. தெனம் பூசுவாங்க."

அதுதான் விஷயம். அம்மா தினமும் பூசியதால், மஞ்சள் என்று தனியாக ஒன்று முகத்தில் இருப்பதாக என் கண் எடுத்துக்கொள்ளவே இல்லை. தைலம்மை அக்கா மற்ற நாட்களில் விடியலிலேயே கடையில் நிற்பவர். முகத்தைக் கழுவ நேரம் கிடைத்தால் பெரிது. வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் நிதானமாகக் குளித்து, மஞ்சள் தேய்த்து, குங்குமம் வைத்துக்கொள்வார். நான் இரண்டு முகங்களை ஒன்றின் மேல் ஒன்றாக மாதக்கணக்கில் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்ப மஞ்சளத்தான் நீ சொரண்டிக்கிட்டு இருந்தியா!" என்று அக்கா சிரிக்கத் தொடங்கினார். நாற்காலி ஆடியது. பொன்னுத்தாயி அக்காவுக்கு வெற்றிலை புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. ரெங்கசாமி முதலாளி மஞ்சள் துண்டாலேயே கண்ணைத் துடைத்தார். எதிர்க்கடைச் சீனர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, தன் படுதாவை இனிமேல் அவிழ்த்துவிடலாமா என்று மலாயில் கேட்டார்.

நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது வேறொன்றும் விளங்கியது. போட்டோவுக்குப் போவதென்றால் யார்தான் முகம் கழுவாமல், மஞ்சள் பூசாமல் போவார்கள்? அந்தக் காலத்துப் போட்டோ பிளேட்டுகளில் மஞ்சளும் சிவப்பும் கறுப்பாகத்தான் விழும். இதை அருளப்பனிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் அவர் ஸ்டூடியோ வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சோப்புக்கட்டியும் வைத்தார்.

5. எந்த முகம்?

இப்போது கேள்வி, எந்த முகத்தை எழுதுவது?

"திங்கக்கெழம மொகத்த எழுது தம்பி. வாரத்துல ஆறு நாளும் நான் அப்படித்தான் இருக்கேன்" என்றார் அக்கா.

"வெள்ளிக்கெழமதான்" என்றார் முதலாளி.

"ஏன், மத்த நாளு என்னப் பாக்க முடியலையா?"

முதலாளி படிக்கட்டில் இரண்டு படி இறங்கினார். பிறகு நின்று, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "ஒன்னப் பொண்ணு பாக்க தோட்டத்துக்கு வந்தேன்ல, அன்னிக்கு வெள்ளிக்கெழம."

தைலம்மை அக்காவின் வாய் அன்றுதான் முதல் தடவையாக நின்றது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் வாயை எழுதி முடித்தேன்.

இரண்டையும் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரே கித்தானில். புஸ்தகத்தில் கிளேஸ் என்று ஒரு அத்தியாயம் உண்டு. காய்ந்த படத்தின் மேல், ஒளி ஊடுருவும் நிறத்தை எண்ணெயில் மெலிதாகக் கரைத்துப் பூசுவது. அடியில் இருக்கும் நிறம் மறையாது. மேல் நிறத்தின் வழியாகத் தெரியும். இரண்டு முறை படித்தும் எனக்கு அது பிடிபடாமல், தாண்டிப் போயிருந்தேன். அக்காவின் பாதி துடைத்த நெற்றி அந்த அத்தியாயத்தை ஒரே நொடியில் விளக்கிவிட்டது. பழுப்புத் தோலின் மேல் மஞ்சள். இதைத்தானே நம் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் செய்கிறார்கள்!

ஆகவே முதலில் திங்கட்கிழமை முகத்தைக் கீழ்ப்படமாக முழுதாக எழுதி முடித்தேன். அது காய வேண்டும். மழைக்காலத்தில் ஆயில் பெயிண்ட் சீக்கிரம் காய்ந்து கொடுக்காது. ஈரத்தின் மேல் பூசினால் இரண்டும் குழம்பி மறுபடி காமாலைதான். தைப்பூசமோ தலைக்கு மேல் நின்றது.

"அட்டாலியில வைங்க" என்றார் முதலாளி. கடையின் பின்பக்கம், தகரக் கூரைக்கு நேர் கீழே மரப்பரண். வற்றல் மிளகாய் மூட்டைகளும் கருவாட்டுக் கூடைகளும் அங்கேதான் இருக்கும். மழைக்காலத்திலும் அடுப்பு மாதிரிக் காயும். படத்தை மிளகாய் மூட்டைமேல் சாய்த்து வைத்தோம். பார்க்க ஏறும்போதெல்லாம் தும்மினேன். பொன்னுத்தாயி அக்கா ஒரு நாள் காய்ந்துவிட்டதா என்று தோள்பட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். காயவில்லை. அவருடைய விரல் ரேகை இன்றும் அந்தப் படத்தில் இருக்கிறது.

கடைசியில் காய்ந்தது. கீழே இறக்கினேன். கருவாட்டு வாசனையோடு ஒரு திங்கட்கிழமை முகம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியிலிருந்து, துரைசானி திறக்காமலே விட்டுப்போன ஒரு டியூபை எடுத்தேன். இந்தியன் எல்லோ என்று எழுதியிருந்தது. எண்ணெயில் தேன்போல் கரைத்தேன். அன்று நான் எழுதியது குறைவு; பார்த்தது அதிகம். மஞ்சள் முகமெங்கும் ஒன்றாக இருப்பதில்லை. முடியோரத்தில் தங்கி நிற்கும். மூக்கின் இருபக்க மடிப்பில் கனக்கும். இமையில் கிடையாது. மேலுதட்டில் வேர்வை துடைத்துத் துடைத்துக் கலைந்திருக்கும். தாடையோடு நின்றுவிடும், கழுத்து பழையபடி பழுப்பு. அவர் எப்படிப் பூசியிருந்தாரோ அப்படியே, பிரஷை விட்டுவிட்டு விரலால் தேய்த்தேன். எடுக்க வேண்டிய இடத்தில் துணியால் துடைத்தேன். கடைசியாகக் குங்குமம்.

பொன்னுத்தாயி அக்கா எழுந்து வந்து பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"அண்ணி, நீங்க இங்கயா இருக்கீங்க, அங்கயா?"

தைலம்மை அக்கா கிட்டே வரவில்லை. தூரத்திலிருந்தே வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு நல்லாவா இருக்கேன்?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. முதலாளிதான் "ஆமா" என்றார்.

6. சுவர்

தைப்பூசத்துக்கு முதல் நாள் சாயந்தரம் ரெங்கசாமி முதலாளி படத்தைக் கீழே கடையில், கல்லாவுக்கு மேலே, ஊரெல்லாம் பார்க்கும் இடத்தில் மாட்டினார். மாடியில் போதும் என்று அக்கா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

தைப்பூசம் கழிந்த மறுநாள் காலை அப்பா வந்தார். கையில் காகிதம் சுற்றிய கோட்டு. என்னை மலாக்காவில் தேடி, நான் சாமான்களை எடுத்துவர ஜாசின் போயிருப்பதாக அருளப்பன் சொல்ல, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார். நான் அப்போது மாடிப்படியில் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

நம் வீடுகளில் ஒரு ஆளின் படம் பெரிதாகச் சுவரில் ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பா தலைத்துண்டை அவிழ்த்தார். படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எப்ப முதலாளி?" என்றார் மெதுவாக.

"முந்தாநாள் சாயந்தரம்" என்றார் முதலாளி பெருமையாக.

அப்பா அரிசி மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். "நல்ல மகராசி. வெலை விழுந்தப்ப, பாதிச் சம்பளத்தோட வந்து நின்னேன். எம்புள்ள படிக்கிறான்னு தெரிஞ்சு ஒரு கை பருப்பு கூடவே போட்டாங்க. சொல்லிக் காட்டினதே இல்ல…"

"நான் எப்பப் போட்டேன்?" என்று உள்ளேயிருந்து காப்பித் தம்ளரோடு தைலம்மை அக்கா வந்தார்.

அப்பா எழுந்த வேகத்தில் வெங்காயக் கூடை உருண்டது. அக்காவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். அன்று அக்காவின் முகத்தில் மஞ்சள் இல்லை. இருந்தாலும் இரண்டும் ஒரே ஆள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"நீங்க… நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன் அண்ணே. பருப்பு வேணுமா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அப்பா என்னைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீயா எழுதின?"

"ஆமாப்பா."

"யாரும் கை வைக்கலியே?"

"பொன்னுத்தாயி அக்கா ஒரு விரலு வச்சாங்க."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "உசுரோட இருக்கற ஆளுக்கு என்னைய அழ வச்சிட்டானே முதலாளி, இவன் கிராணியாயி என்னா கிழிக்கப் போறான்?"

கோட்டை என் கையில் கொடுத்தார். "போட்டுக்கிட்டு எழுது. நாலு பேரு வந்து உக்கார்ற எடத்துல அழுக்குச் சட்டையோட நிக்காத." பிறகு பெரிய கிராணியிடம் தானே போய்ச் சொல்லிக்கொள்வதாகக் கிளம்பினார். வழியெல்லாம் எதிரில் வந்தவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று அந்தத் தொழிலில் கற்றதை இளைய நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உட்காருபவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன், அன்று அவர் எப்படி எழுந்தார், என்ன பூசினார், எங்கே போகப்போகிறார் என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டதால் நான் ஒரு படத்தைப் பல தடவை எழுதினேன். இப்போது கேட்டுவிட்டுத்தான் டியூபைத் திறக்கிறேன்.

ரெங்கசாமி முதலாளிக்குச் செலவு அத்தோடு முடியவில்லை. அப்பாவைப் போலவே கடைக்கு வந்தவர்கள் பலரும் துக்கம் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் வாழைப்பழச் சீப்போடு வந்தார். அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பி, படத்தின் கீழே ஒரு பலகை எழுதி மாட்டச் சொன்னார். 'முதலாளியம்மா உள்ளே இருக்கிறார்' என்று எழுதினேன். எழுத்துக்கு ஐந்து காசு. புள்ளி வைத்த எழுத்து நாலுக்கும் காசு தரமுடியாது என்று முதலாளி வாதாடி ஜெயித்தார். படத்துக்கு இருபத்தைந்து வெள்ளி, மரச்சட்டத்துக்கு ஆறு, பலகைக்கு அறுபது காசு. ஆக மொத்தம் முப்பத்தோரு வெள்ளி அறுபது காசு.